468 சதுர அடி, முதல் மாடி: எந்த மெஷினை எந்தச் சுவரில் வைப்பது?

முத்துநகரான் (தூத்துக்குடி)

அனைவருக்கும் வணக்கம். தம்பியும் நானும் சேர்ந்து ஒரு ஜிம் தொடங்குகிறோம். இடத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. முதல் மாடி, கீழே நோட்டுப் புத்தகக் கடை. அறையின் உள்ளளவு 18 அடிக்கு 26 அடி. கூரை பத்தடி உயரம். ஆனால் அறையின் நடுவே குறுக்காக ஓர் உத்தரம் ஓடுகிறது, அதன் அடிப்பகுதி தரையிலிருந்து எட்டரை அடிதான். சாலைப் பக்கத்து நீளச் சுவர் முழுக்க ஜன்னல். எதிர்ப்பக்க நீளச் சுவரின் நடுவில் வாசல், ஒரு மூலையில் கழிவறைக் கதவு. ஆக, வெறும் சுவர் என்று சொல்ல வடக்கு, தெற்கு என இரண்டு 18 அடிச் சுவர்கள்தான் உண்டு.

டிரெட்மில் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கடற்கரைச் சாலையில் ஓடுவதற்குக் காசா கேட்கிறார்கள்? எடைப் பயிற்சி மட்டும்தான். காலை ஐந்தரை முதல் எட்டு வரை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஆண்கள்; பத்து மணிக்குப் பெண்கள். மாலையில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.

இரண்டு விற்பனையாளர்கள் வரைபடம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் நடு அறையில் நான்கு நிலையங்கள் கொண்ட மல்டிஜிம், சுவரோரம் ஒரு ஸ்மித் மெஷின் (எடை மாட்டிய கம்பி தண்டவாளத்தில் மேலும் கீழும் மட்டும் ஓடுவது), ஒரு லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளுவது) என்கிறார். மற்றவர் ஸ்மித், ரேக் (பார்பெல்லைத் தாங்கும் இரும்புச் சட்டம்), இரண்டு பக்கமும் கேபிள் (கப்பி வழியாக எடையை இழுப்பது), மேலே புல்-அப் கம்பி என எல்லாம் ஒரே சட்டத்தில் இருக்கும் ஒன்றை இரண்டு வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்கிறார். "இடம் மிச்சம்" என்ற சொல்லை இருவரும் மந்திரம் போல ஓதுகிறார்கள். சிறிய இடத்தில் ஜிம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்: எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது?


வைகைக்கரை (மதுரை)

தம்பி, நான் பெண்களுக்கான ஜிம் நடத்துகிறேன். என் இடம் உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது வரைபடத்தை முதலில் மடித்து வையுங்கள். எல்லாம் ஒரே சட்டத்தில் இருக்கும் மெஷின் வீட்டுக்கு அருமையானது. வீட்டில் ஒருவர் செய்வார், முடித்ததும் அடுத்தவர் வருவார். ஜிம்மில் மாலை ஏழு மணிக்கு அதில் ஒருவர் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) செய்யத் தொடங்கினால் ஸ்மித், ரேக், கேபிள், புல்-அப் எல்லாமே அடைபட்டுவிடும். இருபது வேலை செய்யும் மெஷின்தான். ஆனால் அந்த நேரத்தில் ஓர் ஆளுக்கு, மிஞ்சினால் இரண்டு ஆளுக்குத்தான் வேலை கொடுக்கும். நீங்கள் வாங்க வேண்டியது பயிற்சிகளின் எண்ணிக்கையை அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை பேர் கையில் எடை இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மெஷினையும் வரைபடத்தில் வைத்துப் பக்கத்தில் ஓர் எண் எழுதுங்கள்: ஏழு மணிக்கு இதில் எத்தனை பேர்? கடைசியில் கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டு வரவில்லை என்றால், அந்த வரைபடத்தில் எவ்வளவு காலி இடம் தெரிந்தாலும் உங்கள் ஜிம் நெரிசலாகத்தான் இருக்கும். காத்திருப்பவனும் தரையில்தானே நிற்கிறான்?


காலைநேரம் (திருச்சி)

உரிமையாளர் இல்லை, சந்தா கட்டும் ஆள். அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் ஜிம்மில் கேபிள் ஒன்றே ஒன்று. அதில் ஒருவர் ட்ரைசெப்ஸ் (பின்கைத் தசைப் பயிற்சி) செய்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கைபேசி பார்த்துவிட்டு, மறுபடி ட்ரைசெப்ஸ் செய்வார். நான் ஐந்து மணிக்கு எழுவதே அவருக்கு முன்னால் போய்ச் சேரத்தான்.


பழைய பளுதூக்கி (வேலூர்)

மல்டிஜிம் என்றதும் ஒரு பழங்கதை. 1957இல் கலிபோர்னியாவில் ஹரால்ட் ஜின்கின் என்ற உடற்கட்டு வீரர் 'யுனிவர்சல்' என்ற பலநிலைய மெஷினைக் கொண்டுவந்தார். பலர் ஒரே நேரத்தில் ஒரே சட்டத்தைச் சுற்றி நின்று செய்யலாம் என்பதுதான் அதன் பெருமை. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பொருந்தியது. அந்த யோசனையில் தவறு இல்லை. ஆனால் அதைச் சுற்றிவர இடம் வேண்டும்.

நான்கு நிலைய மெஷின் ஏறத்தாழ 8 அடிக்கு 10 அடி. சுற்றிலும் மூன்றடி நடைபாதை விட்டால் 14க்கு 16, அதாவது 224 சதுர அடி. உங்கள் அறையில் பாதி போயிற்று. நாலு பேருக்காகப் பாதி அறை. கல்யாண வீட்டு அண்டாவைக் கூடத்தின் நடுவில் இறக்கி வைத்ததுபோல் ஆகிவிடும். அதன் பிறகு எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

என் கட்சி எளிமையானது. ரேக், பார்பெல், பெஞ்ச், டம்பெல். இவை இருந்தால் ஒரு மனிதனின் உடம்பில் எந்தத் தசையும் தப்ப முடியாது. மெஷின்கள் பிறகு.


முத்துநகரான்

அண்ணாச்சி, ரேக் போட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு ரேக் போட்டால் சுவர் முழுக்க அதற்கே போய்விடுகிறதே? பார்பெல் ஏழடிக்கு மேல் இருக்கிறது. 18 அடியில் ஒன்றுதான் நிற்கும் என்று விற்பனையாளர் சொல்கிறார்.


பழைய பளுதூக்கி

ஒலிம்பிக் பார்பெல் 220 சென்டிமீட்டர், அதாவது ஏழடி மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ரேக் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரு ஓரங்களிலும் நடுவிலும் இரண்டிரண்டு அடி விட்டால் இருபதரை அடி. அவர் சொல்வது சரிதான், நிற்காது.

ஆனால் பெண்களுக்கான போட்டி பார்பெல் என்று ஒன்று இருக்கிறது. 15 கிலோ, நீளம் 201 சென்டிமீட்டர், ஆறடி ஏழங்குலம். அதில் குறைவது தட்டு மாட்டும் முனைகள்தான். நடுத்தண்டு இரண்டிலும் ஒரே 131 சென்டிமீட்டர், ஆகவே அதே ரேக்கில் அப்படியே உட்காரும். இப்போது கணக்குப் போடுங்கள்: ஓரத்தில் ஒன்றரை அடி, பார், நடுவில் ஒன்றரை அடி, பார், ஓரத்தில் ஒன்றரை அடி. பதினேழு அடி எட்டு அங்குலம். உங்கள் சுவரில் நான்கு அங்குலம் மிச்சமே இருக்கும்.

ஒன்றரை அடி போதுமா என்று கேட்பீர்கள். தட்டு மாட்டுகிறவர் பாரின் முனைக்கு எதிரே நிற்பதில்லை; பக்கவாட்டில் நின்றுதான் நுழைக்கிறார். தட்டின் கனமும் கையும் போக வழி இருந்தால் சரி. நடுவில் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் தட்டு மாட்டினால் முழங்கை இடிக்கும். இடிக்கட்டும், ஜிம் என்றால் அறிமுகம் ஆக வேண்டாமா?

முனை குட்டையானதால் தட்டு குறைவாகத்தான் ஏறும். மெல்லிய இரும்புத் தட்டாக வாங்கினால் உங்கள் ஊரில் வரும் எவருக்கும் அது போதும். மெஷின் கடையில் ஐந்தடி, ஆறடி என்று விற்கும் சாதா ராடை மட்டும் நம்பாதீர்கள். ஐந்தடி ராடு ரேக்கின் கொக்கிகளில் ஏறி உட்காரவே உட்காராது.


பட்டறைக்காரன் (கோயம்புத்தூர்)

ராடு பேச்சு வந்ததால் சொல்கிறேன். தட்டின் துளை அளவை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒலிம்பிக் ராடின் முனை 50 மி.மீ. நம் ஊர்ப் பழைய ஜிம்களில் கிடக்கும் தட்டுகள் 28, 30 மி.மீ துளை. மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு ஜிம்மிலிருந்து பழைய தட்டுகளை அள்ளிவந்தால் இரண்டு வகைத் தட்டு, இரண்டு வகை ராடு, இரண்டு தட்டு ஸ்டாண்டு என்று இடம் இரட்டிப்பாகப் போகும். சின்ன ஜிம்முக்கு ஒரே துளைதான்.

அடுத்தது பைப். விற்பவர்கள் 75க்கு 75 என்று வெளி அளவைச் சொல்வார்கள், கனத்தைச் சொல்லமாட்டார்கள். 14 கேஜ் என்றால் சுமார் 2 மி.மீ, 11 கேஜ் என்றால் சுமார் 3 மி.மீ. பவுடர் கோட்டிங் அடித்து இரு முனையிலும் பிளாஸ்டிக் மூடியைச் செருகிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எடை பொய் சொல்லாது. 75க்கு 75 பைப், 3 மி.மீ என்றால் ஒரு மீட்டர் ஏறத்தாழ ஆறரை கிலோவுக்கு மேல் வரும், 2 மி.மீ என்றால் நாலரை. தட்டு, எடைக்கட்டு (மெஷினுக்குள் அடுக்கியிருக்கும் எடைகள்) இல்லாமல் சட்டம் மட்டும் எத்தனை கிலோ என்று கேட்டு, அதை விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறதா என்று பாருங்கள், மீதி உங்களுக்கே புரியும்.

இன்னொன்று. 'காம்பாக்ட்' என்று விற்கப்படுவதில் பாதி, உண்மையில் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கியது. அடி குட்டையானால் தரையில் போல்ட் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். வாடகைக் கட்டடத்தில் தளத்தைத் துளையிட உங்கள் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?


கட்டுமானம் (சென்னை)

அந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். சம்மதித்தாலும் துளையிடுவதற்கு முன் யோசியுங்கள். சாதாரணத் தளம் நாலரை, ஐந்து அங்குலக் கனம்தான். உள்ளே மின்குழாய் ஓடலாம். சுவரில் மடக்கி வைக்கும் ரேக் நல்ல யோசனை என்று யாராவது சொல்வார்கள். ஒன்பதங்குலச் செங்கல் சுவரோ கான்கிரீட் தூணோ என்றால் சரி, நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், உள்ளீடற்ற பிளாக் சுவர் என்றால் வேண்டவே வேண்டாம்.

எடைக்கு வருவோம். குடியிருப்புக்காகக் கட்டிய தளத்தை இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875இன்படி சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ தாங்கும் வகையில் வடிவமைப்பார்கள். உங்கள் அறை நாற்பத்து மூன்றரை சதுர மீட்டர். மொத்தமாகப் பார்த்தால் எட்டரை டன்னுக்கு மேல், கவலைப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் எடை பரவி நிற்பதில்லையே.

டம்பெல் ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை கிலோவில் தொடங்கி முப்பது வரை, இரண்டரை இரண்டரையாக ஏறினால் பன்னிரண்டு ஜோடி, மொத்தம் 390 கிலோ. ஸ்டாண்டையும் சேர்த்து 450 என்று வையுங்கள். அது நிற்கும் இடம் எட்டடிக்கு இரண்டடி, ஒன்றரை சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிலோ வந்துவிட்டது. பார்க்க அடக்கமாக இருக்கும் பொருள்தான் தளத்துக்குப் பெரிய சுமை. அதனால் கனமானவை எல்லாம், தளத்துக்கு அடியில் உத்தரம் ஓடும் சுவரோரம் போக வேண்டும். தளத்தின் நடுப்பகுதியில் மனிதர்கள் மட்டும் இருக்கட்டும். கட்டடம் வீட்டுக்காகக் கட்டியதா, கடைக்காகக் கட்டியதா என்று வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். உள்ளூர்க் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டாமல் ஒரு தட்டைக்கூட மாடிக்கு ஏற்றாதீர்கள்.

டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்குவது) செய்பவர்கள் பாரை மேலிருந்து போடுவது முதல் மாடியில் கிடையாது. ரப்பர் ஓடு, அடியில் பிளைவுட் பலகை எல்லாம் சத்தத்தைக் குறைக்கும். கீழே நோட்டுப் புத்தகக் கடைக்காரர் இருக்கிறார் என்பதை அவை மறைக்காது.


முத்துநகரான்

ஐயா, மிக்க நன்றி. டம்பெல் ஸ்டாண்டை நடு அறையில் போட்டு இரண்டு பக்கமும் எடுக்கலாம் என்று நினைத்திருந்தோம். அது இனி ஜன்னல் சுவருக்குப் போகிறது. அங்கே கீழே உத்தரம் ஓடுவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். மூன்றடுக்கு ஸ்டாண்டு ஜன்னல் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடும், வெளிச்சமும் மறையாது. பொறியாளரை இந்த வாரமே அழைக்கிறேன்.

ஸ்மித் மெஷின் பற்றி யாரும் பேசவில்லையே? சேர விரும்பும் பையன்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.


பழைய பளுதூக்கி

பேசாமல் விட்டதே என் நாகரிகம்.


காலைநேரம்

அப்படி ஒதுக்காதீர்கள் அண்ணா. தனியாகப் பயிற்சி செய்பவனுக்கு ஸ்மித் பெரிய துணை. மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்.


பழைய பளுதூக்கி

தம்பி, ரேக்கில் இரண்டு பாதுகாப்புக் கம்பிகள் இருக்கின்றன. சரியான துளையில் வைத்தால் பார் அதன்மேல் இறங்கும், உன் கழுத்தின்மேல் அல்ல. ஸ்மித் மெஷினும் ஏழடி அகலம்தான் கேட்கிறது. அதே ஏழடியில் ரேக் வைத்தால் ஸ்குவாட், பெஞ்ச், தோள் பிரஸ், புல்-அப், எல்லாம் நடக்கும். இடம் நிறைய இருக்கிறவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். இன்னொரு வேடிக்கை: பல ஸ்மித் மெஷின்களில் பாரை எதிர்எடை தாங்கிக்கொண்டிருக்கிறது. பார் 20 கிலோ என்று கூட்டி நோட்டில் எழுதுகிறார்கள். உண்மையில் பத்துக்கும் குறைவாக இருக்கலாம்.


இயன்முறை (சேலம்)

பிசியோதெரபிஸ்டாக ஒரு சொல். ரேக்கா ஸ்மித்தா என்ற சண்டை முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது. உங்கள் பத்து மணி வகுப்புக்கு வரப்போவது முழங்கால் வலியோடு நாற்பத்தைந்து வயதுப் பெண்கள். அவர்களுக்கு முதல் மூன்று மாதம் கேபிளும் டம்பெல்லும்தான் கை கொடுக்கும். அதனால் இரண்டு தூண், இரண்டு எடைக்கட்டு உள்ள ஃபங்ஷனல் டிரெய்னர் என்ற கேபிள் மெஷின் ஒன்றை வாங்குங்கள். பழைய கேபிள் கிராஸ்ஓவர் பத்து, பன்னிரண்டு அடி அகலம் விழுங்கும். இது ஐந்து, ஐந்தரை அடியில் நின்றுவிடும். இரண்டு கட்டும் தனித்தனி என்பதால் இரண்டு பேர் செய்யலாம். வைகைக்கரை அக்காவின் கணக்கில் இரண்டு மதிப்பெண்.

வாங்கும்போது கப்பி விகிதத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று. எடையைத் தேர்ந்தெடுக்கும் பின்னை 70 கிலோவில் குத்தினால் கைப்பிடியில் 35 கிலோதான் தெரியும். பதிலுக்குக் கேபிள் இரு மடங்கு நீளம் வரும். குறை என்று நினைக்க வேண்டாம், நல்லதுதான். கட்டில் ஒவ்வொரு தட்டும் 5 கிலோ என்றால் கையில் இரண்டரை இரண்டரையாக ஏறும். தோள்பட்டை வலி உள்ளவருக்கு ஐந்து கிலோ தாவல் மிக அதிகம்.

ஆனால் அதே காரணத்தால் லேட் புல்டவுனுக்கு (மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் முதுகுப் பயிற்சிக்கு) அதை நம்பியிருக்க முடியாது. பலமுள்ள பையன் இரண்டு கையாலும் சேர்த்து இழுக்கும்போது இரண்டு கட்டையும் அடைத்துக்கொள்வான். புல்டவுனும் தாழ்கப்பி ரோயிங்கும் (துடுப்பு போடுவதுபோல் இழுப்பது) ஒரே இருக்கையில் இருக்கும் மெஷின் தனியாக ஒன்று வேண்டும். எடை ஒன்றுக்கு ஒன்று, கட்டு 100 கிலோவுக்குக் குறையாமல் பாருங்கள்.


வைகைக்கரை

இரட்டை வேலை மெஷின்களில் இந்தப் புல்டவுன்-ரோயிங் கூட்டு மட்டும் எனக்குப் பிடிக்கும். எதையும் கழற்றி மாட்ட வேண்டாம், ஆள் இடம் மாறி உட்கார்ந்தால் போதும். லெக் எக்ஸ்டென்ஷனும் (முழங்காலை நீட்டுவது) லெக் கர்லும் (மடக்குவது) சேர்ந்த மெஷினும் பரவாயில்லை, நாலடிக்கு நாலடிக்குள் அடங்கும். முதுகுச் சாய்வையும் உருளையையும் மாற்றுவது எளிதா என்று உங்கள் வீட்டுப் பெண்ணை விட்டுச் செய்து பாருங்கள். அந்தக் குமிழை இழுக்க ஒரு பயில்வான் வேண்டும் என்றால், யாரும் மாற்றமாட்டார்கள். பாதி மெஷின் தூங்கும்.

மார்புப் பிரஸ், தோள் பிரஸ், பெக் ஃபிளை (கைகளை விரித்து மூடும் மார்புப் பயிற்சி) மூன்றும் சேர்ந்த மெஷின் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றும் அரைகுறை. பெஞ்சும் டம்பெல்லும் அந்த வேலையைச் செய்யும்.

அப்புறம், எடையை மாற்றிக்கொள்ளும் ஒற்றை டம்பெல். ஒரு ஜோடிக்குள் பதினைந்து ஜோடி என்று ஆசை காட்டுவார்கள். ஜிம்மில் யாராவது முதல் வாரமே கீழே போடுவார்கள். அதன் உள்ளே இருக்கும் பல்சக்கரம் அதற்காகச் செய்ததல்ல.


முத்துநகரான்

லெக் பிரஸ்?


இயன்முறை

45 பாகைச் சாய்வு லெக் பிரஸ் ஏழரை அடி நீளம், ஐந்தடி அகலம். இருபக்கமும் தட்டு மாட்ட வழி விட்டால் அறுபது சதுர அடி தாராளமாகப் போகும். ஏழு மணிக்கு ஒரு மதிப்பெண். மேலும் சாய்வில் தள்ளுவதால் ஏற்றிய எடையில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் காலுக்கு வரும். 300 கிலோ தள்ளினேன் என்பவர் உண்மையில் 210க்குப் பக்கத்தில் தள்ளியிருப்பார், உராய்வு தனி.


காலைநேரம்

என் மிச்சமிருந்த ஒரே பெருமையையும் பறித்துக்கொண்டீர்கள்.


பழைய பளுதூக்கி

பறித்தது போதாதென்றால் கர்லா கட்டை ஒரு ஜோடி வாங்கி மூலையில் சாத்தி வையுங்கள். நிற்க ஒரு சாண் இடம் போதும்.


வைகைக்கரை

நிற்க ஒரு சாண், சுற்ற ஆறடி. பக்கத்தில் நிற்பவர் தலை யார் பொறுப்பு?


பழைய பளுதூக்கி

காலை ஐந்தரைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள், அம்மா.


கணக்கர் (ஈரோடு)

சற்றே வறண்ட செய்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. நீங்கள் வாங்கும் மெஷின்களுக்கு 18 சதவீதம் கட்டுவீர்கள், அது திரும்ப வராது. ஆண்டு மொத்த வசூல் 20 லட்சத்துக்குள் என்றால் பதிவே தேவையில்லை. அப்போதும் அந்த வரி உங்கள் செலவுதான். ஆகவே வரியில்லாத விலையைச் சொல்பவரையும் வரியோடு சொல்பவரையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். 9 லட்சம் கையில் இருந்தால் வரிக்கு முந்தைய விலையில் சுமார் 7 லட்சத்து 60 ஆயிரத்துக்குத்தான் பொருள் வாங்க முடியும். ஏற்றுக்கூலி, மாடிக்கு ஏற்றும் கூலி, பொருத்தும் கூலி யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.


பட்டறைக்காரன்

மாடிக்கு ஏற்றுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. படிக்கட்டு எத்தனை அகலம், திருப்பம் உண்டா? ஃபங்ஷனல் டிரெய்னரின் மேல்சட்டம் பிரிக்கக்கூடியதா, பற்றவைத்ததா என்று கேளுங்கள். பற்றவைத்த ஒரே சட்டம் என்றால் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் வரும்.

உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இன்னொரு கவனம். முதலில் துருப்பிடிப்பது சட்டம் அல்ல, எடைக்கட்டு ஏறி இறங்கும் வழிகாட்டித் தண்டு. குரோம் பூச்சு மெல்லியது என்றால் புள்ளி புள்ளியாகக் கிளம்பும், பிறகு கட்டு தடுக்கித் தடுக்கி ஏறும். வாரம் ஒருமுறை துடைத்து சிலிகோன் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் தூசியைக் கூட்டிப் பசையாக்கும். மெஷின்களை ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

மெல்லிய பைப்பில் செய்த ரேக்கின் துளைகள் நாளடைவில் முட்டை வடிவமாகும். அதை வாங்கும் இடத்திலேயே பார்க்கலாம்: பாதுகாப்புக் கம்பியைச் செருகி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே லொடலொடத்தால் வேறு கடை பாருங்கள்.


முத்துநகரான்

படிக்கட்டு மூன்றரை அடி, நடுவில் ஒரு திருப்பம். பிரிக்கும் வகைதான் வாங்க வேண்டும்.

பொறியாளர் வந்து பார்த்தார். கட்டடம் கடைக்காகவே கட்டியது. டம்பெல் ஸ்டாண்டு ஜன்னல் சுவரோரம், ரேக்குகள் வடக்குச் சுவரோரம் என்றால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது வரைபடம் இப்படி வந்திருக்கிறது. வடக்குச் சுவரில் இரண்டு அரை ரேக் (முன்பக்கம் திறந்த ரேக்), 15 கிலோ பார் இரண்டு. தெற்குச் சுவரில் ஃபங்ஷனல் டிரெய்னர், புல்டவுன்-ரோயிங் கூட்டு, லெக் எக்ஸ்டென்ஷன்-கர்ல் கூட்டு. மூன்றும் சேர்ந்து பதின்மூன்றரை அடி அகலம், இடைவெளிக்கு நாலரை அடி. ஜன்னலோரம் டம்பெல், அதன் முன்னால் மூன்று பெஞ்ச். நடுவில் காலி. வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு ஒன்பதடித் துண்டு இன்னும் எதற்கும் ஒதுக்கவில்லை.

ஏழு மணிக் கணக்கு: ரேக்கில் ஜோடி ஜோடியாக நாலு, பெஞ்சில் மூன்று, கேபிளில் இரண்டு, புல்டவுனில் ஒன்று, கால் மெஷினில் ஒன்று, தரையில் இரண்டு. பதின்மூன்று.


வைகைக்கரை

நல்லது. அந்த ஒன்பதடித் துண்டை ஆறு மாதம் சும்மா விடுங்கள். எதற்கு வரிசை நிற்கிறது என்று பார்த்து அதை வாங்கிப் போடலாம். லெக் பிரஸ்ஸாகவே இருந்தாலும் சரி. பை வைக்கும் அலமாரியை மட்டும் உள்ளே விடாதீர்கள், படிக்கட்டு முகப்பிலேயே மாட்டுங்கள்.


பழைய பளுதூக்கி

ரேக் சுவரில் மின்விசிறி எங்கே? ஆறடி ஆள் பாரைத் தலைக்கு மேல் தூக்கினால் பார் ஏழரை அடிக்குப் போகும். பெரிய தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், பாதி என்றால் ஒன்பதங்குலம். எட்டேகால் அடி வந்துவிட்டது. சீலிங் ஃபேன் தொங்குவதும் அதே உயரத்தில்தான். சுவர் விசிறியாக மாற்றுங்கள். எட்டரை அடி உத்தரத்துக்கு அடியில் யாரும் நின்று தூக்காமல் ரேக்குகள் வடக்குச் சுவரை ஒட்டியே இருக்கட்டும். புல்-அப் கம்பிக்கும் இதே கணக்குதான், தலை கம்பிக்கு மேல் போகிறது அல்லவா?


முத்துநகரான்

மூன்று சீலிங் ஃபேன் இருக்கின்றன அண்ணாச்சி. ரேக்குக்கு மேலே இருப்பதை நாளையே கழற்றச் சொல்கிறேன், மற்றவற்றையும் சுவருக்கு மாற்றிவிடலாம். மெஷின்களுக்கு இரண்டு பேரிடம் புது விலை கேட்டிருக்கிறேன், சட்ட எடையோடு. ஒருவர் உடனே எழுதித் தந்தார். மற்றவர் இன்னும் தொலைபேசியை எடுக்கவில்லை.


பட்டறைக்காரன்

எடுக்கமாட்டார். எழுதித் தந்தவரிடம் ஃபங்ஷனல் டிரெய்னருக்கும் புல்டவுனுக்கும் உதிரி கேபிள் ஒவ்வொன்று இப்போதே கேட்டு வாங்கி, அதன் நீளத்தையும் கனத்தையும் பில்லில் குறிக்கச் சொல்லுங்கள். கேபிள் அறுவது பெரும்பாலும் முனையில் உலோக மூடி இருக்கும் இடத்தில்தான். மேலுறை வெடித்து உள்ளே ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். கையில் உதிரி இல்லாதவர்கள்தான் "இந்த வாரம் ஓடட்டும்" என்பார்கள்.